பூவரசம் பூவும் அங்கவீனச் சான்றிதழும்

எழுபதுகளின் நடுப்பகுதியில், நான் உதவி ஆசிரியனாகப் பணியாற்றிக்கொண்டிருந்த பத்திரிகை அலுவலகத்துக்குக் கொட்டாஞ்சேனையிலிருந்து ஒருவர் அடிக்கடி வருவார். அறுபதை நெருங்கிய வயது. கையில் பிஸ்கற் தகரப்பெட்டி ஒன்று. அதற்குள் கடிதங்கள், சான்றிதழ்கள், மருந்துச் சீட்டுகள். ஆங்கிலத்தில் மனு எழுதித் தரும்படி கேட்பதற்காகவே அவர் வந்தார். செய்தி ஆசிரியர் அவரைக் கண்டதும் தலையைக் கவிழ்த்துக்கொள்வார். கடைசியில் அவர் என் மேசைக்கு வந்து சேர்வார். நான்தானே வயதில் இளையவன்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அவர் சிலோன் கரிசன் ஆட்டிலறியில் சேர்ந்து, கொழும்புத் துறைமுகத்தை அண்டிய பீரங்கி நிலையொன்றில் பணிபுரிந்தவர். 1942 ஏப்ரல் 5ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கிய அன்றுதான் தமது காதில் இரைச்சல் தொடங்கியது என்பது அவருடைய வாக்குமூலம். ஒரு காது முற்றாகக் கேளாது. மற்றக் காதும் மெல்ல மங்கிக்கொண்டு வந்தது. அங்கவீன உதவிக்கு அவர் விண்ணப்பித்தார். விண்ணப்பம் நிராகரிக்கப்படவில்லை என்பதுதான் விசேடம். அது ஒவ்வொரு முறையும் திருப்பி அனுப்பப்பட்டது. செவிட்டுத்தன்மை வெடிச்சத்தத்தால் வந்ததா, வயதால் வந்ததா என்பதை உறுதிப்படுத்துவதற்கு மேலதிக மருத்துவ மதிப்பீடு தேவை என்று ஒரு கடிதம். அந்த மதிப்பீட்டைப் பெற்று அனுப்பினால், அதைச் செய்த வைத்தியர் உரிய தகைமையுடையவர்தானா என்று இன்னொரு கடிதம். இப்படியே தகரப்பெட்டி நிறைந்தது.

நானும் மூன்று மனுக்கள் எழுதினேன். மூன்றாவதற்கும் அதே மறுமொழிதான். அதன்பின் அவர் வரவில்லை. எங்கே போனார் என்று நான் தேடிப் பார்க்கவும் இல்லை. இதை இன்று எழுதும்போது கூச்சமாகவே இருக்கிறது.

அவர் சொன்ன ஒரு விடயம் மட்டும் மனதில் தங்கிவிட்டது. "பள்ளிக்கூடத்திலே பொப்பிப் பூ வாங்கச் சொன்னாங்க தம்பி. வெளியிலே வந்தா அண்ணன்மார் பூவரசம் பூ வாங்கச் சொன்னாங்க. ரெண்டும் வாங்கினேன். ரெண்டுமே பட்டாளத்துக்காரனுக்கு உதவிக் காசுதான்னு சொன்னாங்க." அந்தப் பூவரசம் பூவின் கதையைத் தேடத் தொடங்கியது அதற்குப் பின்னர்தான்.

முதலில் பொப்பிப் பூவின் கதை. முதலாம் உலகப் போரில் கையையும் காலையும் கண்ணையும் இழந்த இலட்சக்கணக்கானோரை என்ன செய்வது என்ற கேள்வி பிரித்தானிய அரசின் முன் எழுந்தது. அதற்கென 1916 இறுதியில் ஓய்வூதிய அமைச்சு ஒன்று உருவாக்கப்பட்டது. 1917ஆம் ஆண்டின் அரச ஆணை உடலை விழுக்காடுகளாகப் பிரித்தது. இரண்டு அவயவங்களை இழந்தவன் நூறு விழுக்காடு அங்கவீனன். அதற்குக் கீழே படிப்படியாக இறங்கும் அட்டவணை. இருபது விழுக்காட்டுக்குக் கீழ்ப்பட்டவனுக்கு ஓய்வூதியம் இல்லை. ஒரு தொகையைக் கொடுத்துக் கணக்கை முடித்துவிடுவார்கள். முழு அங்கவீனனான சாதாரண சிப்பாய்க்கு வாரம் 27 சிலிங் 6 பென்ஸ். 1919 இல் அது 40 சிலிங்காக உயர்ந்தது.

அட்டவணை தெளிவானது. கை போனவனுக்கு அதில் பிரச்சினை இல்லை, போன கை எல்லோருக்கும் தெரியும். நச்சுவாயுவால் நுரையீரல் கெட்டவன், மலேரியாவோடு திரும்பியவன், குண்டுச் சத்தத்தில் மனம் பேதலித்தவன், இவர்களுக்குத்தான் சோதனை. நோய் படைச்சேவையால் உண்டானது, அல்லது படைச்சேவையால் கடுமையடைந்தது என்பதை அவர்கள் மெய்ப்பிக்கவேண்டும். ஓய்வூதியமும் பெரும்பாலும் தற்காலிகமானது. குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மருத்துவச் சபை முன் நின்று, இன்னமும் நோயாளிதான் என்று காட்டவேண்டும். 1919 இல் மேன்முறையீட்டு மன்றங்கள் வந்தன. 1921ஆம் ஆண்டின் சட்டமோ படைவிலகி ஏழாண்டுகளுக்குள் கோரிக்கை வைக்கவேண்டும் என்று கதவின் பாதியைச் சாத்தியது. எட்டாம் ஆண்டில் மூச்சு முட்டத் தொடங்கியவன் யாரிடம் போவான்?

மான்செஸ்டரில் இருந்தவனுக்கே நிலைமை இப்படி. கொழும்புக்குத் திரும்பியவனை எண்ணிப் பாருங்கள். இலங்கையிலிருந்து அப்போருக்குச் சென்றவர்களில் நன்கு அறியப்பட்டவர்கள் 1914 ஒக்டோபரில் கப்பலேறிய தோட்டத்துரைமாரின் துப்பாக்கிப் படையினர். அவர்கள் வெள்ளையர்கள். எகிப்தில் சுயஸ் கால்வாயைக் காவல் செய்து, பின்னர் கலிப்போலியில் ஜெனரல் பேர்ட்வூட்டின் மெய்க்காவலராய் நின்றவர்கள். இவர்களைத் தவிர, சொந்தச் செலவில் இங்கிலாந்துக்குப் பயணமாகிப் பிரித்தானியப் படையணிகளில் சேர்ந்த இலங்கையரும் இருந்தார்கள். அவர்களுள் திரும்பி வந்த ஒருவருக்கு இலண்டனில் இருந்து 'மேலதிக மருத்துவ அறிக்கை தேவை' என்று கடிதம் வந்தால், அது கப்பலில் வந்து சேரவே மூன்று வாரம் செல்லும்.

அரசு கைவிட்ட இடத்தில் தர்மம் புகுந்தது. 1921 இல் பிரித்தானிய முன்னாள் படையினர் சங்கம் உருவாகி, அவ்வாண்டு நவம்பர் 11ஆம் திகதி, போர் ஓய்ந்த நாளில், சிவப்புப் பொப்பிப் பூக்களை விற்றது. அடுத்த ஆண்டில் அங்கவீனமுற்ற படையினரே பூக்களைச் செய்யும் தொழிற்சாலை ஒன்றும் தொடங்கப்பட்டது. நல்ல ஏற்பாடுதான். அது குடியேற்ற நாடுகளுக்கும் பரவியது. கொழும்பில் ஆளுநர் தொடக்கம் அரசாங்க எழுதுவினைஞர் வரை சட்டையில் பொப்பி குத்தினார்கள். பாடசாலைப் பிள்ளைகளும் வாங்கவேண்டியிருந்தது. இப்படிச் சேர்ந்த பணத்தின் பெரும்பகுதி பிரித்தானிய முன்னாள் படையினருக்கே போய்ச் சேர்ந்தது. இலங்கை முன்னாள் படையினருக்குக் கிடைத்தது சொற்பம்.

இதைப் பொறுக்காத முன்னாள் படைவீரர்களில் ஒருவர் ஏலியன் பெரேரா. அவர் அதே நவம்பர் 11ஆம் திகதியில் போட்டியாக வேறொரு பூவை விற்கத் தொடங்கினார். சூரிய மல். பெயரைக் கேட்டுச் சூரியகாந்தி என்று எண்ணிவிட வேண்டாம். அது நம்முடைய பூவரசு. யாழ்ப்பாணத்தில் வேலிக்கு நடுவோமே, இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதுவோமே, அதே மரம். காலையில் மஞ்சளாக மலர்ந்து மாலையில் செம்மை படர்ந்து உதிரும் பூ. காசு கொடுத்து யாரும் வாங்காத பூ. விற்ற பணம் வறுமையில் வாடிய இலங்கை முன்னாள் படையினருக்கு என்பதே ஏலியன் பெரேராவின் நோக்கம். ஆகவே, பூவரசம் பூ இயக்கத்தின் வேர் அரசியல் தத்துவம் எதிலும் இல்லை. மறுக்கப்பட்ட உதவிப் பணத்தில் இருக்கிறது.

அடுத்த கட்டம்தான் வரலாற்று நூல்களில் இடம்பெற்றது. 1933 இல் டொரீன் யங் என்ற ஆங்கிலேயப் பெண்மணி 'சிலோன் டெய்லி நியூஸ்' பத்திரிகையில் 'மலர்களின் போர்' என்ற தலைப்பில் ஒரு கட்டுரை எழுதினார். 1930 இல் மாத்தறை சுஜாதா வித்தியாலயத்துக்கு அதிபராக வந்தவர், டாக்டர் எஸ்.ஏ. விக்கிரமசிங்கவை மணந்தவர், பின்னாளில், 1952 இல், அக்குரஸ்ஸைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரானவர். சொந்த நாட்டுப் படையினர் வறுமையில் கிடக்க, இலங்கைப் பிள்ளைகளைப் பிரித்தானியப் படையினருக்காகப் பூ வாங்க வைப்பதன் அபத்தத்தை அவர் அம்பலப்படுத்தினார். சக ஆங்கிலேயர்கள் அவரை வசைபாடினார்கள். ஒரு பத்திரிகைக் கட்டுரை ஓர் இயக்கத்துக்கு உயிர் கொடுத்த சம்பவங்கள் நமது நாட்டில் அதிகம் இல்லை. தொழில் பாசத்தில் இதைக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை.

தென் கொழும்பு வாலிபர் சங்கம் பூவரசம் பூவைக் கையில் எடுத்தது. ஹொரணையில் வில்மட் பெரேராவின் இல்லத்தில் கூடிய கூட்டத்தில் டொரீன் விக்கிரமசிங்க தலைவராகவும், டெரன்ஸ் டி சில்வாவும் றொபின் இரத்தினமும் இணைச் செயலாளர்களாகவும், றோய் டி மெல் பொருளாளராகவும் தெரிவாகினர். ஒரு ஆங்கிலேயப் பெண், சிங்களவர், தமிழர். அந்தக் காலத்துக் கொழும்பில் அது அதிசயமாக இருக்கவில்லை.

வெள்ளவத்தை இக்கதையினுள் வருவதும் இந்த இடத்தில்தான். இன்று வெள்ளவத்தை என்றால் காலி வீதியும், புடவைக் கடைகளும், அடுக்குமாடி வீடுகளும், 'சின்ன யாழ்ப்பாணம்' என்ற பட்டப்பெயரும் நினைவுக்கு வரும். 1933 இல் வெள்ளவத்தை என்றால் நெசவாலை. ஹெவ்லொக் சிற்றி என்ற மாடிக் கட்டடத் தொகுதி நிற்கும் காணி அந்த ஆலையின் காணிதான். அவ்வாண்டு அங்கே வெடித்த வேலைநிறுத்தத்தில், பெரும்பாலும் இந்தியத் தொழிலாளர்களான அவர்களின் பக்கம் நின்றவர்கள் இந்த வாலிபர் சங்கத்தினரே; முன்னின்றவர் கொல்வின் ஆர். டி சில்வா. அதுவரை கொழும்புத் தொழிலாளர்களின் தனிப்பெரும் தலைவராக விளங்கிய ஏ.ஈ. குணசிங்க எதிர்ப்பக்கம் நின்றார். பூ விற்ற இளைஞர்களும் வேலைநிறுத்தத்தில் நின்ற இளைஞர்களும் ஏறத்தாழ ஒரே கூட்டத்தார். 1935 டிசம்பர் 18 இல் லங்கா சமசமாஜக் கட்சி பிறந்தபோது தொட்டிலைச் சுற்றி நின்றவர்களும் அவர்களே.

இடையில் 1934-35 மலேரியாக் கொள்ளைநோய் வந்தது. ஏறத்தாழ எண்பதாயிரம் பேரைப் பலிகொண்ட நோய் அது. பூவரசம் பூ இயக்கத்தினர் கேகாலைப் பகுதிக் கிராமங்களுக்குள் சென்று மருந்தும் உணவும் கொடுத்தனர். மார்மைற்றை மாத்திரையாக உருட்டிக் கொடுத்தார்கள். பருப்புப் பகிர்ந்த என்.எம். பெரேராவுக்குப் 'பருப்பு மாத்தையா' என்ற பெயர் நிலைத்தது. 1936 தேர்தலில் அவர் ருவன்வெல்லையிலும் பிலிப் குணவர்தன அவிசாவளையிலும் வென்று அரசாங்க சபைக்குச் சென்றதற்கு இந்தப் பருப்புக்கும் பங்குண்டு.

இவை யாவும் பெருமைக்குரியவை. மறுக்கவில்லை. ஆயினும் பழைய செய்தியாளனுக்கு ஒரு கேள்வி உறுத்துகிறது. அந்த முன்னாள் படையினர் என்ன ஆனார்கள்? 1933க்குப் பின்னர் இயக்கம் ஏகாதிபத்திய எதிர்ப்பு இயக்கமாகவும் யுத்த எதிர்ப்பு இயக்கமாகவும் ஆகியது. ஏழை எளியவர்களே பூவை வாங்கியதால் சேர்ந்த பணமும் பெரிதல்ல. அதுவும் ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பிள்ளையின் படிப்பு போன்ற நற்காரியங்களுக்குத் திரும்பியது. யுத்தத்தையே எதிர்ப்பவர்கள் யுத்தத்துக்குப் போனவனுக்காகப் பூ விற்பது சங்கடந்தான். பொப்பி விற்றவர்கள் அவனை வேற்றுநாட்டான் என்று விட்டார்கள். பூவரசு விற்றவர்கள் அவனைப் பேரரசின் கூலிப்படை என்று விட்டார்கள். இரண்டு பூக்களுக்கும் காரணமாயிருந்த மனிதன் இரண்டு கணக்கிலும் இல்லாமற் போனான். இடதுசாரி நண்பர்கள் இதற்காக என்மீது கோபிக்கலாம். ஏலியன் பெரேராவின் பெயரை ஒரு வரியில் சொல்லிவிட்டு 1933க்குத் தாவும் கட்டுரைகளைப் படித்துச் சலித்துப்போனதால் எழுதுகிறேன்.

இரண்டாம் உலகப் போர் தொடங்கியதோடு பூவரசம் பூ விற்பனையும் நின்றது. 1943 இல் பிரித்தானியா ஒரு பெரிய மாற்றத்தைச் செய்தது. நோய் சேவையால் வந்தது என்று படையினன் மெய்ப்பிக்கவேண்டியதில்லை, சேவையால் வரவில்லை என்று அமைச்சுத்தான் மெய்ப்பிக்கவேண்டும் என ஆணை மாறியது. ஐயம் எழுந்தால் அதன் பயன் படையினனுக்கு. முதற்போரின் படையினரை இருபது ஆண்டுகள் மருத்துவச் சபைகளின் வாசலில் நிறுத்திவைத்த பிறகு கிடைத்த ஞானம் அது. மெய்ப்பிக்கும் பாரத்தை யார் தோளில் வைப்பது என்பதிலேயே எல்லாம் தங்கியிருக்கிறது. வைத்தியர் கூட இரண்டாம்பட்சந்தான். கொட்டாஞ்சேனைக்காரரின் தகரப்பெட்டியில் இருந்த கடிதங்கள் ஒவ்வொன்றும் அந்தப் பாரத்தை அவருடைய தோளிலேயே திரும்பத் திரும்ப ஏற்றின. 1943 இல் இப்படி ஒரு மாற்றம் வந்தது என்பது மனு எழுதிய எனக்கும் அப்போது தெரியாது.

அமெரிக்காவிலும் இதே கதை. அங்கே முன்னாள் படையினரின் கோரிக்கைகளை மேன்முறையீட்டுச் சபை தள்ளுபடி செய்வதைவிட, மருத்துவப் பரிசோதனை போதாது என்று கீழே திருப்பி அனுப்புவதே அவர்களைக் கூடுதலாக வாட்டும் என்பார்கள். கீழே போன கோப்பு மீண்டும் மேலே வரும், மீண்டும் கீழே போகும். வெள்ளெலி ஓடும் கூண்டுச் சக்கரம் என்று அதற்குப் பெயரும் வைத்திருக்கிறார்கள். வியட்நாமில் தெளித்த களைக்கொல்லியால் நோயுற்றவர்களுக்கு, நோய்க்கும் களைக்கொல்லிக்கும் உள்ள தொடர்பைத் தனித்தனியே மெய்ப்பிக்கவேண்டியதில்லை என்று சட்டம் வருவதற்கு 1991 வரை காத்திருக்கவேண்டியிருந்தது.

இந்தியாவில் 2013 யூலையில் உச்ச நீதிமன்றம் தர்மவீர் சிங் என்பவரின் வழக்கில் அளித்த தீர்ப்பு குறிப்பிடத்தக்கது. 1985 இல் சேர்ந்து 1994 இல் வலிப்பு நோய் காரணமாக வெளியேற்றப்பட்டவர் அவர். நோய்க்கும் சேவைக்கும் தொடர்பில்லை என்று மருத்துவச் சபை ஒரு வரியில் எழுதிவிட்டது. சேரும்போது பதிவு செய்யப்படாத நோய் சேவைக் காலத்தில் வந்தால் அது சேவையால் வந்ததாகவே கொள்ளப்படும். மறுப்பதென்றால் மருத்துவச் சபை காரணம் எழுதவேண்டும் என்றது நீதிமன்றம். 1987 தொடக்கம் 1990 வரை நமது மண்ணில் நின்ற இந்தியப் படையில் ஏறத்தாழ 1,200 பேர் இறந்தனர். ஊனமுற்றுத் திரும்பியவர்களும் இதே மருத்துவச் சபைகளின் முன்தான் நின்றிருப்பார்கள்.

இனி, நமது நாடு. 2006 தொடக்கம் 2009 மே வரையிலான கடைசிக் கட்டப் போரில் மட்டும் 6,261 படையினர் இறந்தனர், 29,551 பேர் காயமுற்றனர் என்பது அரசு வெளியிட்ட கணக்கு. மேடைதோறும் 'ரணவிரு' என்று போற்றப்பட்டவர்கள். 1999 இலேயே அவர்களுக்கென ரணவிரு சேவா அதிகாரசபையைச் சட்டத்தின் மூலம் அமைத்திருந்தார்கள். எனினும் 2018 இல் கொழும்புக் கோட்டைப் புகையிரத நிலையத்தின் முன் பொய்க்காலைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு அமர்ந்திருந்தவர்கள் அவர்களில் ஒரு பகுதியினர்தான். பன்னிரண்டு ஆண்டுச் சேவையை நிறைவு செய்யுமுன்னர் காயமுற்று, மருத்துவக் காரணத்தால் விலக்கப்பட்டவர்கள். பத்தொன்பது வயதில் சேர்ந்து இருபத்திரண்டு வயதில் கண்ணிவெடியில் காலை இழந்தவன், பன்னிரண்டு ஆண்டுகளை எப்படி நிறைவு செய்வான்? அவனிடம் வைத்தியச் சான்றிதழ் இருந்தது. ஆண்டுக் கணக்குத்தான் இடித்தது. அந்த வழியால் நாளாந்தம் புகையிரதம் பிடிக்க ஓடும் சனம் அவர்களைத் தாண்டியே போனது. தமிழர்கள் சற்று வேகமாகத் தாண்டினோம் என்று சொல்வதில் தவறில்லை.

அந்தச் சண்டையின் மறுபுறத்தில் நின்றவர்களுக்கு ஓய்வூதியம் என்ற பேச்சே கிடையாது. ஏறத்தாழ 12,000 பேர் புனர்வாழ்வு பெற்று விடுவிக்கப்பட்டதாக அரசு சொன்னது. அவர்களுள் கையிழந்தோர், காலிழந்தோர், முள்ளந்தண்டில் அடிபட்டுப் படுக்கையில் கிடப்போர் உள்ளனர். உடலுக்குள் உலோகத் துண்டோடு வாழ்பவர்களும் உண்டு. வேலை கேட்டுப் போகும் இடத்தில் காயம் எப்படி வந்தது என்று கேட்டால், விபத்து என்று சொல்லும் இளைஞர்களை நான் கண்டிருக்கிறேன். ஒருவன் தன் காயம் போரில் வந்தது என்று மெய்ப்பிக்க முடியாமல் அலைகிறான். மற்றவன் தன் காயம் போரில் வந்தது என்பது தெரிந்துவிடக்கூடாதே என்று அலைகிறான்.

கொழும்பின் போர் நினைவுத்தூண் இன்று விகாரமகாதேவிப் பூங்காவில் நிற்கிறது. எட்வின் லட்யன்ஸ் வடிவமைத்த அது முதலில் நின்றது காலி முகத்திடலில். இரண்டாம் உலகப் போரின்போது யப்பானியர் அதைக் குறியாகக் கொண்டு சுடுவார்கள் என்ற அச்சத்தில் கழற்றி உள்ளே நகர்த்தினார்கள். நவம்பரில் இன்றும் பொப்பி விற்கப்படுகிறது; முதற்பூவை நாட்டுத் தலைவரின் சட்டையில் குத்தும் படம் பத்திரிகைகளில் வரும். பூவரசம் பூவை யாரும் விற்பதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் கொட்டாஞ்சேனையில் ஒரு மரணவீட்டுக்குப் போனபோது, அந்தப் பெரியவர் முன்னர் சொல்லியிருந்த ஒழுங்கையைத் தேடிப் பார்த்தேன். ஒழுங்கை இருந்தது. வீட்டிலக்கம் மாறிவிட்டது. பட்டாளத்தில் இருந்த, காது கேளாத ஒருவர் என்று விசாரித்தேன். முன்வாசலில் இருந்த அம்மா சற்று யோசித்துவிட்டு, "எந்தப் பட்டாளம் தம்பி?" என்று கேட்டார்.